பசியாறியாச்சா?



சென்ற மாதம் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு ‘என் குடும்பம்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். ஆண்டுதோறும் கொடுக்கும் தலைப்புதான். அப்பா தொழிற்சாலையில் பணிபுரிகிறார், அம்மா சுவையாகச் சமைப்பார், நாங்கள் மகிழ்ச்சியாக வாழ்கிறோம் என்று எல்லா ஏடுகளிலும் ஏறத்தாழ ஒரே கட்டுரை இருக்கும். திருத்துகின்ற கை தானாக ஓடும். அன்று ஓர் ஏட்டில் மட்டும் என் சிவப்புப் பேனா நின்றுவிட்டது. ‘என் பாட்டி எங்களோடு சாப்பிடமாட்டார். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிடுவார். நான் எட்டிப் பார்த்தால் ஏசுவார்’ என்று அந்தப் பிள்ளை எழுதியிருந்தது. ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை.

அந்தப் பாட்டியை நான் அறிவேன். நாள்தோறும் பள்ளி வாசலில் பேரனுக்காகக் காத்திருப்பவர். வெயிலோ மழையோ, கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு இருக்கும். மறுநாள் அவரைப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்கு அழைத்துப்போய்த் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு மிடறு குடித்தார், இருமினார். மீண்டும் பேசியபோது, தொண்டைக்குள் நீர் தேங்கி நிற்பது போலக் குரல் கொழகொழத்தது. மெல்லத் துண்டை விலக்கச் சொன்னேன். தாடைக்குக் கீழே, இரண்டாம் தாடை முளைத்தது போல் தளதளவென ஒரு வீக்கம்.

“புற்று போயிடுச்சு டீச்சர். போன வருசமே கதிர் வச்சு முடிச்சாச்சு. இப்பக் கொஞ்சம் சதை போட்டிருக்கு, அவ்வளவுதான்” என்றார்.

அது சதை அன்று. அப்படித் துணிந்து சொல்ல எனக்கு மருத்துவப் படிப்பு ஏதும் இல்லை. ஆனால், அதே வீக்கத்தை ஒன்பது மாதங்கள் என் வீட்டிலேயே பார்த்தும், இன்னதென்று அறியாமல் இருந்தவள் நான். அந்தப் பாட்டியின் ஒப்புதலோடும், அவரை அடையாளம் காட்டக்கூடிய செய்திகளை நீக்கியும் இதை எழுதுகிறேன். மிகுதியும் என் அம்மாவின் கதையாகத்தான் இருக்கும்.

நம் நாட்டுத் தமிழர்களுக்குக் காலை வணக்கத்தைவிடப் பழக்கமான சொல் ‘பசியாறியாச்சா?’ என்பதுதான். தமிழகத்திலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவர் இச்சொல்லைக் கேட்டு வியந்தார். பசியைத் தீயைப் போலவும் உணவை அதை ஆற்றும் நீரைப் போலவும் எண்ணியவர்கள் படைத்த சொல் என்று பாராட்டினார். எங்கள் வீட்டிலோ 2015ஆம் ஆண்டில் இந்தச் சொல்லையே யாரும் உச்சரிக்காத நிலை வந்தது. அக்கம்பக்கத்தார் கேட்டால் அம்மா தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்.

அம்மா பால்மரம் வெட்டியவர். பாடாங் செராயைச் சுற்றி விக்டோரியா, ஹென்ரியேட்டா, பாடாங் மேஹா என்று தோட்டங்கள் நிறைந்திருந்த காலத்தில், 14 அகவையில் உளி பிடித்தார். விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போக வேண்டும். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். கொசு, குளிர், வெறும் வயிறு. இவற்றுக்கெல்லாம் ஒரே மருந்தாக அன்றைய பெண்களிடம் இருந்தது இடுப்புச் சுருக்குப்பையில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. வேலையை விட்டபின் உளியை வைத்துவிட்டார், பையை வைக்கவில்லை.

உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவாண்மை, புகையிலை சேர்த்த வெற்றிலைச் சுருள் புற்றுநோயை உண்டாக்கும் என்று 1985இலேயே அறிவித்துவிட்டது. புகையிலை சேர்க்காவிட்டாலும், வெறும் பாக்கேகூட அவ்வாறு செய்யும் என்பதை 2004இல் வெளியிட்ட நூலில் உறுதிப்படுத்தியது. மலேசியாவில் மூவினத்தாரிடையே வாய்ப் புற்றுநோய் வீதம் இந்தியரிடம்தான் மிகுதி என்று நாட்டின் புற்றுநோய்ப் பதிவேட்டு அறிக்கைகள் காட்டி வருகின்றன. இவையெல்லாம் அம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத புண் ஒன்று இருப்பதை அவர் சொன்னபோது, பல் குத்தியிருக்கும் என்று உப்பு நீரில் கொப்பளிக்கச் சொன்னவள் நான்தான். இரண்டு வாரத்தில் ஆறாத எந்த வாய்ப்புண்ணையும் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதை இங்கே ஒருமுறை சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். இக்கட்டுரை அதைப் பற்றியதன்று.

2014இல் பினாங்கில் அறுவைச் சிகிச்சை நடந்தது. கன்னத்தில் இருந்த கட்டியோடு, அந்தப் பக்கத்துக் கழுத்திலிருந்த நிணநீர்க் கணுக்களையும் நீக்கினார்கள். பிறகு கதிர்வீச்சு. திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறு வாரங்களில் 30 முறை. முகத்தின் அச்சிலேயே செய்த ஞெகிழி வலையை மாட்டி, மேசையோடு அசையாமல் பூட்டிவிடுவார்கள். பட்டர்வொர்த்திலிருந்து அப்போது மகிழுந்துகளையும் ஏற்றிச் சென்ற பழைய பயணப்படகில் கடந்து போவோம். தொடக்கத்தில் அம்மா கடலைப் பார்த்துக்கொண்டு வருவார். நான்காவது வாரத்திலிருந்து கண்களை மூடிக்கொண்டார். வாய் முழுவதும் புண், எச்சில் வற்றிவிட்டது, நீரும் எரிந்தது. ஆண்டிறுதியில் எல்லாம் முடிந்து, கட்டி இல்லை என்றார்கள். வீட்டில் பொங்கல் வைத்தோம்.

அந்த மகிழ்ச்சியில்தான் நாங்கள் ஏமாந்தோம். இரண்டு மூன்று மாதங்களில் அம்மாவின் முகம் உப்பத் தொடங்கியது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும், “அக்கா தேறிட்டாங்க, கன்னமெல்லாம் நல்லா பூரிச்சிருக்கு” என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவர் மேலாடை மட்டும் நாளுக்கு நாள் தொளதொளத்துக்கொண்டே போனதை நான் இணைத்துப் பார்க்கவில்லை. முகம் பெருக உடல் இளைத்தது. காலையில் எழும்போது வீக்கம் மிகுதியாகவும், மாலையில் சற்று வடிந்தும் இருக்கும். அண்டை வீட்டு அம்மையார் ஒருவர் அன்பு மிகுதியால் சூடான தைலம் கொண்டுவந்து கழுத்தை அழுத்தி உருவிவிட்டார். வீக்கம் மேலும் கூடியது. சூடும் அழுத்தமும் அதற்கு ஆகாது என்பது பிறகுதான் தெரிந்தது.

நம் உடலில் குருதி ஓடுவதை எல்லாரும் அறிவோம். குருதிக் குழாய்களிலிருந்து கசியும் நீரில் ஒரு பகுதியைத் திரட்டி, மீண்டும் குருதியில் சேர்க்கும் இன்னொரு குழாய்த் தொகுதி உண்டு. அதில் ஓடுவதே நிணநீர். வழியில் அதை வடிகட்டும் கணுக்கள் உடல் முழுவதும் ஏறத்தாழ 800 என்றும், அவற்றுள் 300 அளவில் கழுத்துப் பகுதியிலேயே உள்ளன என்றும் கணக்கிடுகிறார்கள். எல்லாம் வடிந்து, காறையெலும்பின் பின்புறத்தில் உள்ள பெருஞ்சிரைகளில் போய்ச் சேர்கின்றன. புற்றுநோய் கணுக்களின் வழியே பரவும் என்பதால் அவற்றை நீக்குகிறார்கள். கதிர்வீச்சு எஞ்சிய மெல்லிய குழாய்களைத் தழும்பாக்கி இறுக்கிவிடுகிறது. வடிய வழியற்ற நீர் தாடையின் கீழும் கன்னத்திலும் தேங்குகிறது. படுத்திருக்கும்போது கீழ்நோக்கி வடிய முடியாததால் காலையில் வீக்கம் கூடுகிறது. தொடக்கத்தில் விரலால் அழுத்தினால் குழியும் மென்மையான வீக்கம், கவனிக்காமல் விட்டால் நாளடைவில் நார்போல் கெட்டியாகிவிடும்.

வெளியில் தெரியும் வீக்கம் ஒரு பாதிதான். நாக்கின் அடி, குரல்வளை மூடி, தொண்டைச் சுவர் ஆகியவையும் உள்ளே வீங்கலாம். அதைக் கண்ணாடி முன் நின்று பார்க்க முடியாது. மூக்கின் வழியே நுண்குழல் விட்டுத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 81 பேரை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஏறத்தாழ நான்கில் மூவருக்கு நிணநீர் வீக்கம் இருந்தது. அவர்களுள் பெரும்பாலாருக்கு உட்புற வீக்கமும் இருந்தது. இத்தனை பேருக்கு வருகின்ற ஒன்றைப் பற்றி எங்களுக்கு ஒரு சொல்கூட யாரும் சொன்னதில்லை. கட்டி திரும்பிவிட்டதா என்று மட்டுமே ஒவ்வொரு முறையும் பார்த்தார்கள். நாங்களும் அதை மட்டுமே கேட்டோம். கூட்டம் நிறைந்த சிகிச்சையகத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில், “முகம் ஏன் வீங்குகிறது? தண்ணீர் ஏன் புரையேறுகிறது?” என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பிள்ளைகளைக் கேள்வி கேட்கச் சொல்லிப் பழக்கும் ஓர் ஆசிரியைக்கு இது பெருமை தரும் செய்தியன்று.

ஆகஸ்டு மாதத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் மூச்சு வாங்கியது. நுரையீரல் அழற்சி என்று மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே வார்டுக்கு வந்த ஓர் இளம் மலாய்ப் பெண்தான் முதன்முதலாக அம்மாவைக் கட்டிலில் நிமிர்த்தி உட்கார வைத்து, கழுத்தில் நான்கு விரல்களை மென்மையாக வைத்து, ஒரு கரண்டி நீரை விழுங்கச் சொல்லிக் கவனித்தவர். அவர் பேச்சுச் சிகிச்சையாளர். திக்குவாய்ப் பிள்ளைகளுக்கு உதவுபவர்கள் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். விழுங்குவதும் அவர்கள் துறைதான் என்பதை அன்று அறிந்தேன்.

சில நாள்கள் கழித்துப் பேரியம் கலந்த நீரையும் கூழையும் கொடுத்து, ஊடுகதிர்ப் படக்கருவியில் அசையும் படமாகக் காட்டினார்கள். ஒரு மிடறு நீர் தொண்டையைக் கடக்க ஏறத்தாழ ஒரு நொடிதான் ஆகும். அந்த ஒரு நொடிக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட தசைகள் வரிசை தவறாமல் இயங்க வேண்டும். குரல்வளை மேலெழுந்து மூச்சுக்குழலை மூடிக்கொள்ள வேண்டும். அம்மாவுக்குக் குரல்வளை பாதி உயரத்திலேயே நின்றது. திரையில் கரிய கோடாக இறங்கிய நீர் இரண்டாகப் பிரிந்து, ஒரு மெல்லிய கீற்று மூச்சுக்குழலுக்குள் போனது. அம்மா இருமவே இல்லை. எனக்கு அதுதான் அச்சமூட்டியது. புரையேறினால் இருமல் வரும், இருமல் வராவிட்டால் நலம் என்றுதானே நினைத்திருந்தோம்? உணர்வு மழுங்கிய தொண்டையில் ஓசையே இல்லாமலும் புரையேறும். நான் அன்போடு வாயில் ஊற்றிய நீரும் தேநீரும் பல மாதங்களாக நுரையீரலுக்குள் கொஞ்சங் கொஞ்சமாக இறங்கியிருக்கின்றன. நீர்தான் எளிது, சோறுதான் கடினம் என்பது நம் எண்ணம். விரைந்து ஓடும் நீர்தான் இத்தகையவர்களுக்குப் பெரும்பாலும் கடினம். கெட்டியான கூழ் மெதுவாக நகர்வதால் தொண்டைக்கு மூடிக்கொள்ள நேரம் கிடைக்கிறது.

பிறகு பயிற்சிகள் தொடங்கின. முழு வலிமையோடு விழுங்குவது ஒன்று. “ஆன்ட்டி, தெலான் குவாட்-குவாட்!” என்று அந்தப் பெண் சொல்வார், அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மலையைத் தள்ளுவது போல் வெறும் எச்சிலை விழுங்குவார். நாக்கு நுனியை முன்பற்களுக்கிடையே பிடித்துக்கொண்டு விழுங்குவது மற்றொன்று. (இதை உணவோடு செய்யக்கூடாது, எச்சிலோடு மட்டுமே.) குரல்வளை மேலெழுந்ததும் அதை அங்கேயே சில நொடிகள் பிடித்து வைப்பது இன்னொன்று. வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்கவில்லை என்பதால், பனிக்கூழ்க் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு வாரத்திற்கு ஒரு குச்சி கூடும். பள்ளிக் கைவேலைக்கு வைத்திருந்த குச்சிக் கட்டு ஒன்றை வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். மறுநாளே புதிது வாங்கி வைத்துவிட்டேன் என்பதையும் தலைமையாசிரியர் பொருட்டுப் பதிவுசெய்கிறேன்.

நாக்கின் அடிப்பகுதி வலுப்பெற, அழுத்தமான ‘க்’ ஒலி உள்ள சொற்களைச் சொல்லிப் பழகவேண்டும் என்று மலாய்ச் சொற்பட்டியல் ஒன்றைக் கொடுத்தார். அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. க, ங ஆகிய எழுத்துகள் நாவின் அடியும் அண்ணத்தின் அடியும் பொருந்தும் இடத்தில் பிறக்கின்றன என்பதைத் தொல்காப்பியத்தின் பிறப்பியலில் படித்து, தேர்வில் எழுதி, பட்டமும் வாங்கியவள் நான். அந்த இலக்கணத்திற்கு என் அம்மாவின் தொண்டையில் வேலை இருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அன்றிரவே முதலாம் ஆண்டுப் பாடநூலை எடுத்து, கொக்கு, சுக்கு, அக்கா, பாக்கு, மூக்கு, விளக்கு என்று நாற்பது சொற்களை எழுதினேன். பாக்கைப் பார்த்ததும் அம்மா அச்சொல்லை அடிக்கச் சொன்னார். அடித்துவிட்டு ‘நாக்கு’ என்று எழுதினேன்.

வீக்கத்திற்கு வழிகாட்டியவர் வேறொருவர். உடலியக்கச் சிகிச்சைப் பிரிவைச் சேர்ந்தவர். கையால் நிணநீரை வடியச் செய்யும் இம்முறையை வகுத்தவர்கள் எமில் வோடர், எஸ்திரிட் வோடர் என்னும் டென்மார்க்குத் தம்பதியர். பிரான்சில் பணிபுரிந்தபோது, நாட்பட்ட சளியால் கழுத்துக் கணுக்கள் வீங்கி வந்தவர்களிடம்தான் இதைத் தொடங்கினார்கள். 1936இல் பாரிசில் வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தினார்கள். அம்மாவுக்குச் சொல்லித்தந்த வரிசை எனக்கு முதலில் தலைகீழாகத் தோன்றியது. வீங்கிய இடம் முகம். ஆனால் முகத்தைத் தொடவே விடவில்லை. முதலில் ஆழ்ந்த மூச்சு, பிறகு காறையெலும்புக் குழி, அக்குள், மார்பு, அதன்பின் கழுத்து, கடைசியில்தான் தாடையும் கன்னமும். காரணம் கேட்டேன். அவர் விளக்குமுன் அம்மாவே சொன்னார்: “கடைசியில அடைச்சிருக்கிற மண்ண எடுக்காம மேல இருந்து தண்ணியத் தள்ளினா எங்க போகும்? மழைக்காலத்துல காட்டுக் கான வெட்டும்போது கீழ்முனையிலதானே தொடங்குவோம்.” தோட்டத்தில் வடிகாலைக் ‘கான்’ என்பார்கள்.

கையழுத்தம் பற்றியும் அம்மாவுக்கே மிகுதியாகத் தெரிந்திருந்தது. நிணநீரின் நுண்குழாய்கள் தோலுக்குச் சற்றுக் கீழேதான் உள்ளன. தோல் மட்டும் நகருமளவு மெல்லத் தொட்டு இழுத்து விடவேண்டும். அழுத்தினால் அவை நசுங்கிவிடும். நான் அழுத்தினேன். சிகிச்சையாளர் என் கையைத் திருத்தினார், மீண்டும் அழுத்தினேன். அம்மா என் கையை எடுத்துவிட்டுத் தாமே செய்து காட்டினார். பால்மரத்தின் பால் பட்டைக்குள் ஓடுகிறது. உளி ஆழம் போதாவிட்டால் பால் வராது. ஒரு மயிரளவு மிகுந்தால் மரத்தில் காயம் பட்டு, அந்தப் பட்டை பின்னர் முண்டும் முடிச்சுமாக வளரும். மண்டோர் ஒவ்வொரு மரமாக வந்து காயம் எண்ணுவார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பட்டையோடு நிறுத்தப் பழகிய கை அது. “ஒங்களுக்கெல்லாம் வெண்கட்டி பிடிச்ச கை. முரட்டுக் கை” என்றார். நோய் வந்தபின் அவர் என்னை ஏசியது அன்றுதான். எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது என்று சொல்ல முடியாது.

அன்று முதல் அவரே செய்துகொண்டார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த நேரம் விடியற்காலை ஐந்து மணி. வீக்கம் மிகுந்திருக்கும் நேரமும் அதுவே. மரம் வெட்டப் போன நேரமும் ஏறத்தாழ அதுவே. கூடத்து விளக்கைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் அமர்ந்து அரை மணி நேரம். பிறகு தாடையைச் சுற்றி மென்மையான அழுத்தப்பட்டை. பிறகு விழுங்கும் பயிற்சி. தலைப்பக்கம் உயர்த்திய கட்டில். வாரம் ஒருமுறை, தையல் அளவுநாடாவை ஒரு காதிலிருந்து தாடையின் கீழாக மறு காது வரை பிடித்து அளப்பேன். அளவைப் பள்ளி ஏடு ஒன்றில் குறித்து வைத்தோம். அம்மா அந்த ஏட்டைச் ‘செக்ரோல்’ என்றே அழைத்தார். 30 சென்டிமீட்டரில் தொடங்கியது, நான்கு மாதங்களில் 27.5க்கு வந்தது. ஒரு வாரம் அவர் பயிற்சிக்கு மட்டம் போட்டார். அந்த வாரத்து அளவும் அதைக் காட்டிக்கொடுத்தது.

எல்லாம் திரும்பிவிடவில்லை. ஒன்பது மாதங்கள் வீணானதற்கு விலை இருந்தது. தாடையின் இடப்பக்கத்தில் கெட்டிப்பட்ட பகுதி கடைசி வரை இளகவில்லை. எச்சில் முழுமையாக ஊறவில்லை. எங்கு போனாலும் நீர்ப்புட்டி வேண்டும். மிடறு மிடறாக, தாடையை மார்பை நோக்கித் தாழ்த்தித்தான் குடிப்பார். (இது அவருடைய தொண்டைக்குப் படம் பார்த்துச் சொல்லப்பட்ட நிலை; மற்றவர்களுக்குப் பொருந்தாமலும் போகலாம்.) முறுக்கு, மொறுமொறுப்பான தோசை, ரொட்டி சானாய் எல்லாம் போனவை போனவைதான். ஆனால், மசித்த இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்து, 2016 பொங்கலன்று எங்களோடு அமர்ந்து உண்டார். ஐம்பது நிமிடங்கள் ஆயின. பிள்ளைகளை எழுந்து போகாமல் இருக்கச் சொல்லியிருந்தேன். கடைசி வாய்க்கு அவர்கள் கைதட்ட, அம்மா வெட்கப்பட்டு, “என்னா இது, திருவிழாவா?” என்றார்.

2018இல் டத்தோ லீ சோங் வெய்க்கு மூக்குப் புற்றுநோய் என்று செய்தி வந்தது. மூன்று ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றவர். பாகான் செராயில் பிறந்து, நமக்குப் பக்கத்திலுள்ள புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்தவர். (அந்தச் செராய் வேறு, நம் செராய் வேறு, இரண்டும் மலாயில் எலுமிச்சைப்புல்தான்.) தைவானில் கதிர்ச் சிகிச்சை பெற்றார். நோய் வேறு, ஆனால் கதிர் பாயும் இடம் ஏறத்தாழ அதே தொண்டை. தொலைக்காட்சியில் அவரைப் பார்த்த அம்மா, “அந்தப் பையனுக்கும் தண்ணி அடைக்குமா பாப்பா? யாராச்சும் சொல்லிக் குடுத்திருப்பாங்களா?” என்று கேட்டார். 2019 சூனில் அவர் ஓய்வை அறிவித்தபோது அம்மா அழுதார். பூப்பந்தாட்டத்தில் அவருக்கு ஈடுபாடு இருந்ததாக எனக்குத் தெரியாது.

அம்மா 2022இல் இதய நோயால் மறைந்தார். புற்றுநோய் திரும்பவே இல்லை. செக்ரோல் ஏடுகள் ஐந்து என்னிடம் உள்ளன.

இப்போது அந்தப் பாட்டியிடம் வருகிறேன். நான் சொன்னதை அவர் முதலில் ஏற்கவில்லை. “உயிர் இருக்கே டீச்சர், இதுக்கெல்லாமா டாக்டர் வீட்டுக்கு அலையறது” என்றார். நம் தாய்மார்கள் எல்லாருக்கும் வாய்த்த விடை இது. இதில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. வெற்றிலை போட்டதால் வந்த தண்டனை, வாயை மூடிக்கொண்டு பொறுக்க வேண்டியது என்று அவர்கள் உள்ளூர நினைக்கிறார்கள். அம்மாவும் அப்படித்தான் நினைத்தார். கதவைச் சாத்திக்கொண்டு உண்பது உணவு ஒழுகுவதை மறைக்க மட்டுமன்று. தனியாக உண்பவருக்குப் புரையேறினால் முதுகில் தட்ட ஆள் இல்லை என்று அவருடைய மகளிடம் சொன்னேன். அது வேலை செய்தது.

பெற்றோர்களே, உங்கள் வீட்டில் இத்தகைய சிகிச்சை முடித்தவர் இருந்தால் நீங்களாகக் கையை வைத்து உருவத் தொடங்கிவிடாதீர்கள். முதலில் அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரென வந்த வீக்கமோ புதிய கெட்டிக் கட்டியோ நோய் திரும்பியதன் அடையாளமாகவும் இருக்கக்கூடும். அது இல்லை என்று உறுதியான பிறகே மற்றவை. வீங்கிய இடம் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அது கிருமித்தொற்று. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சுவிடச் சிரமமானால் ஒரு நிமிடமும் காத்திருக்கக்கூடாது. மற்றபடி, உண்ணும்போது இருமுகிறாரா, உண்டபின் குரல் கொழகொழக்கிறதா, அடிக்கடி சளிக்காய்ச்சல் வருகிறதா, எடை குறைகிறதா, ஒரு வேளை உணவுக்கு அரை மணிக்கு மேல் ஆகிறதா என்று பாருங்கள். பார்த்ததை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் நீட்டுங்கள். பேச்சுச் சிகிச்சையாளரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அரசு மருத்துவமனையின் நிபுணத்துவ மருத்துவரைப் பார்க்கக் குடிமக்களுக்கு ஐந்து வெள்ளிதான். கேட்பதற்கு அதுவும் இல்லை.

பாட்டிக்கு வரும் புதன்கிழமை காலை பத்து மணிக்கு முன்பதிவு கிடைத்திருக்கிறது. மகளுக்குத் தொழிற்சாலையில் விடுப்பு இல்லை என்பதால் நான் அரைநாள் விடுப்பு எழுதியிருக்கிறேன். “அந்தப் புள்ள தமிழ் பேசுமா டீச்சர்?” என்று நேற்று வாசலில் கேட்டார். பேசாது, ஆனால் ‘தெலான்’ என்று சொன்னால் விழுங்க வேண்டும் என்று பொருள், உங்களுக்குத் தெரிந்த மலாய்தானே என்றேன். என் மேசையில் இருந்த புதிய ஏடு ஒன்றையும் அளவுநாடாவையும் கொடுத்தேன். பேரன் ஏட்டை வாங்கிக்கொண்டு, முதல் பக்கத்தில் நாள் எழுதி, அடிக்கோடு இட்டு, நான் அளந்து சொன்னதை எழுதினான்: 29.5 செ.மீ.